'எங்களிடம் அடிமைகள் இல்லை' என்று கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிறிய டிரஸ்ட்டில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறீர்கள். உங்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளையும், நீங்கள் வாங்கிப் பாக்கெட் போடும் முந்திரிப்பருப்பையும் இங்கிலாந்தில் ஒரு தொண்டு நிறுவனம் வாங்கித் தன் கடைகளில் விற்கிறது. இந்த ஆண்டு அவர்கள் ஆறு பக்கப் படிவம் அனுப்பி, 'எங்கள் சப்ளை செயினில் நவீன அடிமைமுறை இல்லை, வராமல் தடுப்போம்' என்று உறுதி கேட்கிறார்கள். "நாங்களே ஏழைகளுக்காக உழைக்கிறவர்கள், எங்களிடம் ஏது அடிமை? கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், பருப்பு தருகிறவரிடம் இதைப் பற்றிப் பேசினால் கோபித்துக்கொள்வார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். அடுத்தவர் ஆலையில் நடப்பதைக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை, கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் உங்களை உறுத்துகிறது.

நான் வக்கீல் இல்லை. திண்டுக்கல், திருப்பூர், தூத்துக்குடி ஆலைகளில் பதினெட்டு ஆண்டுகள் சமூகத் தணிக்கை, அதாவது தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று சோதிக்கும் வேலை, செய்துவிட்டு நாகர்கோவில் திரும்பியவள். ஆலை, சூளை, விடுதி இவற்றுக்குள் போய் வந்திருக்கிறேன். கடலுக்குப் போகும் படகில் ஏறித் தணிக்கை செய்ததில்லை, அதனால் மீன்பிடித் தொழில் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படிவம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. வியாபாரம் செய்கிற தொண்டு நிறுவனமும் அந்த அளவைத் தாண்டினால் இதற்குள் வரும், நோக்கம் தருமம் என்பதால் விலக்கு கிடையாது. ஆஸ்திரேலியாவிலும் 2018ல் இதேபோல ஒரு சட்டம் வந்தது, அங்கே வரம்பு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்துச் சட்டத்தின்படி 'இந்த ஆண்டு நாங்கள் ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதி வெளியிட்டாலும் அது செல்லுபடியாகும் அறிக்கைதான். அப்படி எழுத எந்த அறங்காவலருக்கும் மனம் வராது. அதனால் மேலே இருக்கிறவர் தனக்குக் கீழே இருக்கிறவரிடம் உறுதி கேட்கிறார், அவர் தனக்குக் கீழே. இப்படி இறங்கி இறங்கி அந்தக் காகிதம் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. அந்தச் சட்டம் உங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது உங்கள் வாக்கு. நாளை ஏதாவது வெளிவந்தால் 'தெரியாது' என்று சொல்வதைவிட, 'தெரியாமலே இல்லை என்று எழுதினோம்' என்று சொல்வதுதான் கடினமாக இருக்கும்.

உங்களைக் கட்டுப்படுத்துகிற சட்டங்கள் இங்கேயே இருக்கின்றன. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதை விரித்துச் சொல்கிறது. நம் மாவட்டத்துக்கு இதில் தனிக் கதையும் உண்டு. கன்னியாகுமரி திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. நிலத்தோடு கட்டப்பட்டவர்கள் நீங்கலாக மற்றவர்களை அடிமையாக விற்பதை ராணி கௌரி லட்சுமிபாய் 1812ல் தடுத்தார், முழு ஒழிப்பு 1855ல்தான் வந்தது. 1820களில் நாகர்கோவில் லண்டன் மிஷனில் மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னல் பள்ளியில், பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்ததாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. தருமக் காரியத்துக்காகச் செய்த கைவேலையை வெளிநாட்டில் விற்கும் பழக்கமும் அடிமைமுறையும் இந்த ஊரில் ஒரே அறைக்குள் இருந்திருக்கின்றன. 'எங்களிடம் ஏது அடிமை' என்று நீங்கள் கேட்டதும் எனக்கு அந்த லேஸ்தான் ஞாபகம் வந்தது.

அடிமை என்றதும் சங்கிலியும் சவுக்கும் கண்முன் வருகிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேடுவது வேறு. ஒருவர் முன்பணம் வாங்கியிருக்கிறார், அல்லது அப்பா வாங்கிய கடன் அவர் தலையில் இருக்கிறது, அல்லது வழக்கம் என்ற பேரில் ஒரு கடமை இருக்கிறது. அதனால் நான்கில் ஒன்றை இழக்கிறார்: சரியான கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் உழைப்பில் விளைந்ததைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. இந்த நான்காவதைப் பலரும் கவனிப்பதில்லை. பனையேறிகள் கருப்பட்டி வியாபாரியிடம் சீசனுக்கு முன்பே பற்று வாங்கிவிட்டு, காய்ச்சியதையெல்லாம் அவர் சொன்ன விலைக்கே அவரிடமே போட்ட கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். கடற்கரையில் தரகரிடம் வலைக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய முன்பணம் இதே வேலையைத்தான் செய்தது. மீனவர் சங்கங்கள் ஏலத்தைத் தங்கள் கையில் எடுத்ததற்குக் காரணமும் அதுதான்.

ஒரு முக்கியமான விஷயம்: முன்பணம் வாங்கியதாலேயே யாரும் கொத்தடிமை ஆகிவிட மாட்டார்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் மகள் கல்யாணத்துக்குத் தோட்டக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கி, மாதாமாதம் கழித்து, பிடிக்காவிட்டால் மீதியைக் கொடுத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகிறார் என்றால் அது கடன், அவ்வளவுதான். 'கணக்கு முடியாமல் போக முடியாது' என்று சொல்லி, அந்தக் கணக்கையும் கடன் கொடுத்தவரே எழுதினால் கதை மாறுகிறது. வழக்கு என்று வந்தால் அந்தக் கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவர் மேல்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. தண்டனை மூன்று ஆண்டுவரை சிறை, 2,000 ரூபாய்வரை அபராதம். அந்த இரண்டாயிரத்தைப் பார்த்தால் இன்று சிரிப்புத்தான் வரும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க நான் எப்போதும் வளைகுடாவைத்தான் சொல்வேன். இங்கிருந்து ஈரானுக்கும் பக்ரைனுக்கும் சவுதிக்கும் மீன்பிடிக்கப் போனவர்களின் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது, சம்பளம் நின்றது, திரும்பி வர அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. 2020ல் கொரோனாக் காலத்தில் ஈரானில் சிக்கியவர்களைக் கடற்படையின் ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தபோது மாவட்டமே பேசியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குப் பதினோரு அடையாளங்கள் சொல்கிறது. ஆவணத்தைப் பிடித்து வைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டுவது, ஏமாற்றி அழைத்து வருவது, வெளியே விடாமல் அடைப்பது எல்லாம் அதில் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அங்கே நடந்ததை இந்தப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே பட்டியலை எடுத்துக்கொண்டு, இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாக்காரரின் ஆதார் கார்டு எந்த மேஸ்திரியின் அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால்தான் நமக்குக் கோபம் வருகிறது.

இப்போது உங்கள் சரக்குக்கு வருவோம். பனையோலைப் பெட்டியைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். பெண்கள் வீட்டிலிருந்து முடைகிறார்கள், உங்களுக்கு முகம் தெரிந்தவர்கள், வேண்டாம் என்றால் விட்டுவிட முடிகிறது. ஓலையும் சாயமும் யாரிடம் வாங்குகிறார்கள், அதற்கு யாராவது முன்பணம் கொடுத்துப் பெட்டியை மலிவு விலைக்கு எடுக்கிறார்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

முந்திரிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அண்டி ஆபீசு என்று நாம் சொல்கிற ஆலைகள் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. வறுத்த கொட்டையை உடைத்து, தோல் உரித்து, தரம் பிரிப்பது பெரும்பாலும் பெண்களின் கை. ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், சாம்பல் பூசிக்கொண்டு உடைக்கிறவர்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். ஆலைக்குள் நடக்கும் வேலைக்குக் கூலிப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று கேட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும். ஆலையிலிருந்து ஏஜென்ட் வழியாக வீடுகளுக்குப் போகும் கொட்டைக்கு அப்படி எதுவும் இருக்காது. உங்கள் சப்ளையர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும், அவர் அவசர ஆர்டரை வெளியே கொடுத்து உடைத்து வாங்கினால், பருப்பு யார் வீட்டுத் திண்ணையிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. அந்தத் திண்ணையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம். வீட்டுத் தொழிலில் பிள்ளை ஒத்தாசை செய்வதற்குச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். முந்திரி பதப்படுத்தல் 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட வேலை என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

இதில் எது அடிமைமுறை, எது வெறும் மோசமான வேலை? இங்கே நான் உறுதியாகச் சொல்வதையும் சந்தேகத்தோடு சொல்வதையும் பிரித்துக்கொள்ளுங்கள். கார்டைப் பிடித்து வைப்பது, போக விடாமல் தடுப்பது, பற்றைக் காட்டி மிரட்டுவது இவற்றில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கூலி குறைவு என்பதில் ஆட்களுக்கு ஆள் கருத்து மாறும். 1982ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே 23ஆவது பிரிவின்படி கட்டாய உழைப்பு என்றது. பசியும் ஒரு கட்டாயம்தான் என்பது அதன் வாதம். அந்த அளவுகோலை அப்படியே பிடித்தால் நாட்டில் பாதித் தொழில் உள்ளே வந்துவிடும், வெளிநாட்டு வாங்குநர்களின் படிவங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. என் பழக்கம் இது: கூலிக் குறைவைக் கூலிக் குறைவு என்று எழுதுவேன், கூடவே போக முடியாமையும் இருந்தால் மட்டும் அடிமைமுறை என்ற சொல்லைத் தொடுவேன். என்னோடு வேலை செய்த சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

படிவத்தில் நீங்கள் விற்பதை மட்டும் கேட்டிருப்பார்கள். நீங்கள் வாங்குவதையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். புது விடுதிக் கட்டடம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். செங்கல் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கச் சூளையிலிருந்து வரலாம். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்தோடு அறுக்கிற தொழில் அது. சீசன் தொடங்கும் முன் முன்பணம் கைமாறும், மழை வந்தால் வேலை நிற்கும், பற்று நிற்காது. பெரிய மீட்புகள் நடந்தது திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம்தான், இங்கே உள்ள சூளைகளை அதே தட்டில் வைக்கக்கூடாது. ஆனால் தொழிலின் அமைப்பு ஒன்றுதான், அதனால் கேட்க வேண்டும். பிள்ளைகளின் யூனிஃபார்ம் துணி எங்கே நூற்றது என்று தேடிப்போனால் நூற்பாலை விடுதி வரும். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று ஆண்டு முடித்தால்தான் மொத்தத் தொகை என்று பெண்பிள்ளைகளை ஆலை விடுதியில் வைத்திருந்த காலத்தில் தென்மாவட்டங்களிலிருந்துதான் நிறையப் பேர் போனார்கள். இடையில் விட்டு வந்தால் அந்தத் தொகை போச்சு. பெயர் மாறியிருக்கலாம், விடுதிக் கதவு யாருக்குத் திறக்கும் என்ற கேள்வி மாறவில்லை. துணியை உங்களால் ஆலைவரை தேடிப்போக முடியாது. செங்கல்லை முடியும், சூளை பஸ் போகிற தூரத்தில்தான் இருக்கிறது.

எப்படிக் கேட்பது? பதிவேட்டைப் பார்ப்பதில் தொடங்குங்கள், அதை நம்பி முடிக்காதீர்கள். ஒருமுறை திண்டுக்கல் பக்கம் ஒரு ஆலையில் எல்லாப் பதிவேடும் பளிச்சென்று இருந்தது, விடுதியில் புதுப் பாய், பேசிய பெண்பிள்ளைகள் எல்லாரும் எழுதி வைத்துப் படித்தது போல ஒரே பதில். கிளம்பும்போது ஒரு பிள்ளை என் பையை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து, "அக்கா, எங்கப்பா வந்தா என்னை விடுவாங்களா?" என்றாள். அன்றைக்கு நான் எழுதிய பன்னிரண்டு பக்கத்தைவிட அந்த ஒரு கேள்விதான் அந்த ஆலையைப் பற்றிச் சொன்னது. அதிலிருந்து நான் மூன்று விஷயம்தான் கேட்பேன். இன்றைக்குக் கணக்கு முடித்து ஊருக்குப் போகணும் என்றால் போகலாமா? கார்டும் பேங்க் புத்தகமும் யார் கையில் இருக்கிறது? பற்று எவ்வளவு நிற்கிறது, அதை யார் எழுதுகிறார்கள்? முதலாளி முன்னால் கேட்காதீர்கள். ஆலை விட்டு வரும் நேரம் பஸ் ஸ்டாப்பில், டீக்கடையில், கோயில் கொடையிலோ திருவிழாவிலோ சாதாரணமாகப் பேசும்போது கேளுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். வெளி மாநிலத்தவரிடம் அவர்கள் மொழி தெரிந்தவரை வைத்துப் பேசுங்கள், ஆனால் அவர்களுடைய மேஸ்திரியை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். இதைச் சொல்லும்போது சிரிப்பாக இருக்கும், ஆனால் நடப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

சப்ளையர் கோபிப்பார் என்ற பயத்துக்கு என் அனுபவம் இது: 'உங்கள் மேல் சந்தேகம்' என்று போனால் கோபிப்பார்கள். 'வெளிநாட்டுக்காரன் எங்கள் கழுத்தில் கத்தி வைக்கிறான், சேர்ந்து பதில் எழுதுவோம்' என்று போனால் டீ வாங்கித் தருவார்கள். பருப்பு முழுவதும் உள்ளேயே உடைத்ததா, வெளியே கொடுத்ததா என்று மட்டும் முதல் நாள் கேளுங்கள். மற்றது இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வரும்.

ஏதாவது தவறாகக் கண்ணில் பட்டால் உடனே ஆர்டரை நிறுத்திவிடாதீர்கள். இது நான் செய்த தவறிலிருந்து சொல்வது. ஓர் ஆலையில் வயது குறைந்த பெண்பிள்ளை தோல் உரிப்பதைப் பார்த்து அறிக்கை எழுதினேன். வாங்குநர் மறுவாரமே கொள்முதலை நிறுத்தினார், அவர் பெயர் சுத்தமானது. ஆலை ஆட்களைக் குறைத்தது. சில மாதம் கழித்து அந்தப் பிள்ளையை அவள் வீட்டிலேயே பார்த்தேன், அம்மாவோடு உட்கார்ந்து அதே வேலையை அதைவிடக் குறைந்த காசுக்குச் செய்துகொண்டிருந்தாள். அதனால் முதலில் ஆளைப் பாருங்கள், ஒப்பந்தத்தை அப்புறம் பாருங்கள். குழந்தை என்றால் 1098 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கொத்தடிமை என்று தோன்றினால் நீங்களே போய் மீட்கப் போகாதீர்கள், அது உங்களுக்கும் ஆபத்து, அவர்களுக்கும் ஆபத்து. நாகர்கோவில், பத்மநாபபுரம் இரண்டு வருவாய்க் கோட்டங்களில் எது என்று பார்த்து அந்த அலுவலகத்திலோ ஆட்சியரிடமோ எழுத்தில் கொடுங்கள். விசாரித்து விடுவிப்புச் சான்று தரும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மத்திய மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய்வரை உண்டு. முழுத் தொகை வழக்கின் தீர்ப்போடு கட்டப்பட்டிருப்பதால் தாமதமாகும், உடனடி உதவி அதற்கு முன்பே கிடைக்க வழி இருக்கிறது. சட்ட உதவிக்கு 15100.

இனிக் கையெழுத்து. 'எதுவும் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு, பார்த்தது எது, பார்க்காதது எது, இந்த ஆண்டு எதைப் பார்க்கப் போகிறோம் என்று எழுதுங்கள். 'பனையோலை: முடைகிற எல்லாரையும் தெரியும். முந்திரி: ஆலைவரை தெரியும், வெளியே கொடுத்து உடைக்கும் பகுதி தெரியாது, மார்ச்சுக்குள் கேட்டுவிடுவோம். செங்கல்: இனித்தான் பார்க்க வேண்டும்.' இவ்வளவு போதும். தணிக்கை செய்கிறவர்கள் இப்படி எழுதிய படிவத்தைத்தான் நம்புவார்கள், எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் அடித்து வருவதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

அவர்களிடமும் கேளுங்கள். கிறிஸ்துமஸ் சரக்குக்கு அவர்கள் அக்டோபரில் ஆர்டர் போட்டுவிட்டு மூன்று வாரத்தில் கேட்கிறார்கள், சென்ற ஆண்டு விலையைவிடக் குறைத்துத் தரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் சப்ளையர் கொட்டையை வீடுகளுக்கு அனுப்புவது அந்த மூன்று வாரத்துக்காகத்தான். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'பிற குறிப்புகள்' என்று காலி இடம் இருப்பதாகச் சொன்னீர்களே, அங்கே ஜூலையில் ஆர்டர், பாதிப் பணம் முன்கூட்டியே, கிலோவுக்கு இன்ன விலை என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.